காயல் மாப்பிள்ளைமாருக்கு ஒரு மரவேலைக் கையேடு

வீட்டிலேயே ஒரு மரவேலைப் பட்டறை வைக்கலாம் என்று ஆசைப்படும் காயல்பட்டினத்து ஆண்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, அந்த வீடு அவர்களுடையது இல்லை என்பதுதான். இந்த ஊரில் வீடு பெண்ணுக்குப் போகும். கல்யாணம் முடிந்ததும் மாப்பிள்ளை பெண் வீட்டுக்குப் போவார். கொழும்பு, ஹாங்காங், வளைகுடா என்று எங்கே சம்பாதித்தாலும் திரும்பி வந்து படுப்பது மனைவி பேரில் உள்ள கூரைக்குக் கீழேதான். ஆகவே சுவரில் முதல் துளை போடுவதற்கு முன்னால் அனுமதி வாங்க வேண்டும். மாமியிடம் நேரே கேட்கக் கூடாது. மனைவியிடம் சொன்னால் மனைவி உம்மாவிடம் சொல்வார். பதில் அதே வழியில் திரும்பி வரும். "மாப்பிள்ளைக்கு எதுக்குச் சிரமம், ஆசாரியெக் கூப்பிட்டாப் போச்சு" என்பதுதான் பெரும்பாலும் அந்தப் பதில். இதை மறுப்பு என்று எடுத்துக்கொண்டால் பட்டறை பிறக்காது. மரியாதை என்று எடுத்துக்கொண்டு மேலே போக வேண்டும்.

அடுத்தது, ஒரு காரணம். அதற்குப் பஞ்சமே கிடையாது, கதவு இருக்கிறது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் இந்த ஊரில் 24 மணி நேரத்துக்குள் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. மாவட்டத்துக்கு வருஷம் முழுக்கக் கிடைக்கும் மழையைவிட அது அதிகம். தண்ணீர் வடிந்த பிறகு பார்த்தால் சாத்தியிருந்த கதவு திறக்கவில்லை, திறந்திருந்த கதவு சாத்தவில்லை. தங்களுக்குள் ஒரு தச்சன் உறங்கிக்கொண்டிருந்த விஷயம் பலருக்கு அந்த வாரம்தான் தெரியவந்தது.

ஊதின கதவை ஈரத்தோடு ஈரமாக இழைத்துவிடுங்கள். கைமேல் பலன் தெரியும். மரம் நீளவாக்கில் அநேகமாக மாறாது; குறுக்குவாக்கில்தான் ஊதும், காயும்போது அதே குறுக்குவாக்கில் சுருங்கும். ஆகவே மார்கழியில் இழைத்த கதவுக்கும் நிலைக்கும் நடுவே சித்திரையில் பல்லி குடும்பத்தோடு போய்வரும். அந்தச் சந்தை அடைக்க ரீப்பர் வேண்டும், ரீப்பர் அறுக்க மெஷின் வேண்டும், மெஷினை வைக்க மேஜை வேண்டும். பட்டறை இப்படித்தான் வளரும். பொறுமைசாலிகள் சிலர் பங்குனி வரை காத்திருப்பார்கள். கதவு தானாகவே சாத்திக்கொள்ளும். அவர்களுக்கு இந்தக் கையேட்டால் ஒரு பயனும் இல்லை.

இடம் பார்ப்பது கொஞ்சம் சிக்கல். நம் வீடுகள் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும் அளவுக்கு நீளமானவை, ஆனால் அகலம் கிடையாது. பிளைவுட் பலகையோ எட்டடிக்கு நாலடி. முக்கால் இஞ்சுப் பலகை என்றால் முப்பது கிலோவுக்குக் குறையாது. வாசல் வழியாக அது திரும்பாது. பக்கத்து முடுக்கு வழியாகக் கொண்டுபோகலாம் என்று தோன்றும். அந்த முடுக்குகள் பெண்கள் புழங்குவதற்கு; எட்டடிப் பலகையைத் தலையில் வைத்துக்கொண்டு ஓர் ஆண் அங்கே முன்னாலும் போக முடியாமல் பின்னாலும் வர முடியாமல் நிற்பது முறையல்ல. மொட்டைமாடி காற்றோட்டமான இடம்தான். கடல் காற்று மரத்தூளை அள்ளிக்கொண்டுபோய் நாலு வீட்டுத் துணியில் ஒட்டிவிடும், அவ்வளவுதான் குறை. நேரம்? காலையில் பிள்ளைகள் ஓதும், படிக்கும். ளுஹருக்குப் பிறகு சாப்பிட்டுவிட்டு ஊரே தூங்கும். ஆக, அஸருக்கும் மஃரிபுக்கும் நடுவில் கிடைப்பதுதான் உங்கள் பட்டறை நேரம். அதில் பாதி, நேற்று வைத்த பென்சிலைத் தேடுவதில் போகும்.

இனி சாமான் வாங்கும் படலம். வெளிநாட்டில் இருக்கும்போதே வாங்கிவிடுவது நம்மவர்கள் வழக்கம். ஹாங்காங்கில் இருப்பவர்களுக்கு ஷாம் ஷுய் போவின் அப்லியு தெரு தெரியாமல் இருக்காது. பழைய ட்ரில், பழைய ரம்பம், பழைய எல்லாம் தெருவோரம் குவிந்து கிடக்கும். அங்கே ஜப்பான் எழுத்து மட்டும் போட்ட மெஷின் ஒன்று மலிவாகக் கிடைத்தால் விடாதீர்கள். ஜப்பானின் உள்ளூர் மின்சாரம் 100 வோல்ட். நம் வீட்டில் 230. மெஷின் நம் ஊரில் ஒரே ஒருமுறை, ஆனால் மிகுந்த வேகத்துடன் ஓடும். சரியான வோல்ட்டேஜ் பார்த்து வாங்கியவருக்கும் ஒரு சோதனை உண்டு: ஹாங்காங் பிளக்குக்குச் சதுர முனை, நம் சுவருக்கு உருண்டை ஓட்டை. அடாப்டர் போட்டுப் பெரிய ரம்பத்தை ஓட்டப் பார்ப்பவர்கள் இந்தக் கணக்கையும் போட்டுப் பார்க்கலாம். 1,500 வாட் மெஷின் ஆறரை ஆம்பியர் இழுக்கும். ஃபேனும் டிவியும் மாட்டும் சின்ன பிளக் பாயிண்ட் தாங்குவது 6. கிரைண்டர் ஓடும் 16 ஆம்பியர் பாயிண்ட் சமையலறையில்தான் இருக்கும். அங்கே ரம்பத்தைக் கொண்டுபோக எந்த வழியில் அனுமதி கேட்பது என்று இந்தக் கையேட்டுக்கும் தெரியாது.

பேட்டரி மெஷின் என்றால் வேறு விதமான இன்பம். விமானத்தில் உதிரி லித்தியம் பேட்டரியைப் பெட்டியில் போட்டு அனுப்பக் கூடாது, கையில்தான் கொண்டுவர வேண்டும். ட்ரில்லைக் கையில் கொண்டுவரக் கூடாது, பெட்டியில்தான் போட வேண்டும். 100 வாட்-அவருக்குள் இருக்கும் பேட்டரிக்குத் தனி அனுமதி தேவையில்லை. 18 வோல்ட், 5 ஆம்பியர்-அவர் என்றால் பெருக்கிப் பாருங்கள், 90 வரும், தப்பித்தது. மெஷின் ஒரு பெட்டியிலும் உயிர் ஒரு பையிலுமாக வந்து சேரும். பெட்டி காணாமல் போனால் உங்களிடம் மிஞ்சுவது உயிர் மட்டும். ஒரு கம்பெனியின் பேட்டரி இன்னொரு கம்பெனி மெஷினில் ஏறாது என்பதை நினைவில் வையுங்கள். முதல் ட்ரில் வாங்கும் அன்றைக்கே அடுத்த பத்து வருஷத்து மெஷின்களையும் எந்தக் கடையில் வாங்குவீர்கள் என்று முடிவாகிவிடுகிறது.

கடல் தாண்டி வரும் சாமானை வாங்கி, விற்றவரிடமே இப்படி மாட்டிக்கொள்வது நமக்குப் புதிதும் இல்லை. 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்தக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ, ஹொர்முஸிலிருந்தும் ஏடனிலிருந்தும் காயலுக்குக் கப்பல் கப்பலாகக் குதிரை இறங்கியதை எழுதியிருக்கிறார். அவர் சொன்ன காயல் பழைய காயலா நம் காயல்பட்டினமா என்பதில் வழக்கு உண்டு. நம் ஊரில் வைத்து அந்தச் சந்தேகத்தைக் கிளப்பாமல் இருப்பது உடம்புக்கு நல்லது. பாண்டிய அரசர் வருஷத்துக்கு இரண்டாயிரத்துக்கும் மேல் குதிரை வாங்குவார், வருஷக் கடைசியில் அதில் நூறுகூட மிஞ்சாது என்கிறார் போலோ. குதிரையைப் பராமரிக்க இங்கே யாருக்கும் தெரியவில்லையாம். வைத்தியம் பார்க்கத் தெரிந்தவர்களை வியாபாரிகள் கூட்டிவரவுமில்லை, வருபவர்களை விடவுமில்லை. குதிரை செத்தால்தானே அடுத்த குதிரை விற்கும். காயலில் சில வீட்டு மாடிகளில் அட்டைப்பெட்டிக்குள் கிடக்கும் டேபிள் ரம்பம், ரூட்டர், சாண்டர் எல்லாவற்றையும் பார்க்கும்போது பாண்டியரைக் குறை சொல்ல மனம் வரவில்லை.

எந்த மெஷின் அவசியம் என்று கேட்பவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். ட்ரில் அவசியம். வீட்டில் திரை மாட்டவும் கண்ணாடி மாட்டவும் அது பயன்படும். வேலை ஐந்து நிமிஷம், நல்ல பெயர் ஐந்து வருஷம். கடைசல் மெஷின் வேண்டாம். பேத்திக்குச் சொப்புச் சாமான் கடைந்து கொடுக்கலாமே என்று அதை வாங்க நினைப்பவர், அம்பாசமுத்திரத்துக்கு பஸ் ஏறி, அரக்குச் சாயம் ஏற்றிய முழு செட்டை வாங்கிக்கொண்டு, வழியில் திருநெல்வேலியில் அல்வாவும் வாங்கிக்கொண்டு வீடு திரும்பினாலும் மெஷின் விலையில் பெரும்பகுதி கையில் இருக்கும். சாண்டர் வாங்கலாம், தூசியை அனுபவிக்கலாம். மரத்தூளை உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1995-லேயே புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் வரிசையில் சேர்த்துவிட்டது. முகக்கவசம் போடுங்கள், கொரோனாவில் வாங்கியது இன்னும் அலமாரியில் இருக்கும்.

பிறகு தலைகீழ் ரம்பம். பளிங்கு அறுக்கும் கட்டிங் மெஷினையோ வட்ட ரம்ப மெஷினையோ பிளைவுட் மேஜைக்கு அடியில் கவிழ்த்து மாட்டி, பலகையில் ஒரு கீறல் போட்டு, சக்கரத்தை மேலே எட்டிப் பார்க்க வைத்தால் டேபிள் ரம்பம் ரெடி. தமிழ்நாட்டில் இன்டீரியர் வேலை நடக்கும் எந்த வீட்டிலும் இதைப் பார்க்கலாம். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் கையேடு விளையாடாது. நாலு இஞ்ச் கிரைண்டரின் காப்புத் தகட்டைக் கழற்றிவிட்டு மரம் அறுக்கும் பல் சக்கரத்தை மாட்டாதீர்கள். நிமிஷத்துக்குப் பதினோராயிரம் சுற்று சுற்றும் சக்கரம் பலகையில் கடித்துக்கொண்டால் மெஷின் கையைவிட்டு எகிறும், எந்தப் பக்கம் என்று சொல்ல முடியாது. டேபிள் ரம்பத்தில் சக்கரத்துக்குப் பின்னால் நிற்கும் மெல்லிய இரும்புத் தகடு அழகுக்காக வைத்ததில்லை. அறுபட்ட பலகை சுருங்கிச் சக்கரத்தைக் கவ்வினால் பலகை உங்கள் வயிற்றை நோக்கித் திரும்பி வரும், தகடு அதைத் தடுக்கும். சக்கரத்துக்கு நேர்க்கோட்டில் நிற்காதீர்கள். கடைசி நாலு விரற்கடையைக் கையால் தள்ளாதீர்கள், ஒரு குச்சியால் தள்ளுங்கள். கையுறை போடாதீர்கள், சக்கரம் துணியைப் பிடித்துக் கையையும் சேர்த்து இழுக்கும். கைலியோடு மெஷின் பக்கம் போகாதீர்கள். காயலில் இதைச் சொல்வது சிரமம், ஆனாலும் சொல்லியாக வேண்டும். அமெரிக்காவில் ஸ்டீபன் காஸ் என்பவர் கண்டுபிடித்த ரம்பம் ஒன்று இருக்கிறது. தோல் பட்ட கணமே மின்சாரத்தால் உணர்ந்து ஐந்து மில்லி செகண்டில் நின்றுவிடும். சாஸேஜை வைத்துக் காட்டியது போதாதென்று சொந்த விரலையும் வைத்துக் காட்டினார். நம் தலைகீழ் ரம்பத்துக்கு அந்த இங்கிதம் கிடையாது.

மரம் வாங்கும் விஷயத்துக்கு வருவோம். கடைக்காரர் எல்லாத் தேக்கையும் பர்மா தேக்கு என்பார். மியான்மர் 2014 ஏப்ரலிலேயே முழு மரமாக ஏற்றுமதி செய்வதை நிறுத்திவிட்டது. தூத்துக்குடி துறைமுகத்தில் இறங்கும் தேக்கு ஆப்பிரிக்காவிலிருந்தும் தென் அமெரிக்காவிலிருந்தும்கூட வருகிறது. கடைக்காரரிடம் இதை எடுத்துச் சொல்லுங்கள். அவர் மறுக்கமாட்டார், விலையையும் குறைக்கமாட்டார். விலை கன அடிக்கு: நீளத்தை அடியிலும் அகலத்தையும் கனத்தையும் இஞ்சிலும் வைத்துப் பெருக்கி 144-ஆல் வகுக்க வேண்டும். நீங்கள் போனில் கணக்குப் போட்டு முடிப்பதற்குள் அவர் மனதிலேயே போட்டு, பின்னத்தை அவர் பக்கம் தள்ளியிருப்பார். பழகுவதற்குத் தேக்கு எதற்கு? பூவரசு போதும், வேம்பு போதும். இரண்டும் இந்த மண்ணில் வளர்பவை. பிளைவுட் வாங்கினால் 710 என்ற எண்ணைப் பாருங்கள். தண்ணீர் தாங்கும் மெரைன் பலகைக்கு உள்ள இந்தியத் தர எண் அது. 303-இன் சாதா ரகத்தைக் கழுவும் தொட்டிக்கு அடியில் வைத்தால் அடுத்த மழைக்குள் அப்பளமாக ஊதும்.

அளவெடுப்பதில்தான் படித்தவர்கள் தோற்பது வழக்கம். உங்கள் டேப்பில் மில்லிமீட்டர் இருக்கும், பிளைவுட் மில்லிமீட்டரில் வரும், கீல் இஞ்சில் வரும், ஆசாரி நூலில் பேசுவார். ஒரு இஞ்சுக்கு எட்டு நூல். "ஒரு நூல் கூடுதலா இருக்கு காக்கா" என்று அவர் கதவைத் தடவிப் பார்த்துச் சொன்னால் மூன்று மில்லிமீட்டருக்குச் சற்று மேல் என்று அர்த்தம். நீங்கள் டேப் வைத்துப் பார்த்தாலும் அதேதான் வரும். ஆனால் டேப்பைத் தேட வேண்டும்.

இப்போது முதல் வேலை. என்ன செய்யலாம்? புத்தகங்கள் அலமாரி செய்யச் சொல்லும். காயல் மாப்பிள்ளை அலமாரி செய்யமாட்டார். அவர் கண் நேரே ரைஹால் மேல்தான் போகும். குர்ஆனை விரித்து வைத்து ஓதும் அந்த மடக்குப் பலகை ஒவ்வொரு வீட்டிலும் இருக்கிறது, ரமழான் வருகிறது, மாமிக்கு ஒன்று செய்து கொடுத்தால் மாடியில் துளை போட்ட குற்றமெல்லாம் மன்னிக்கப்படும். பார்த்தால் எளிது, ஒரே பலகைதானே.

ஒரே பலகை என்பதுதான் வினையே. பழைய முறையில் செய்த ரைஹாலில் ஆணி இல்லை, கீல் இல்லை, பசை இல்லை. ஒரு இஞ்ச் கனமுள்ள ஒற்றைப் பலகையை எடுத்துக்கொண்டு, நடுவுக்குச் சற்று மேலே கீல் வரும் இடத்தைக் குறிக்க வேண்டும். அகலத்தை ஒற்றைப்படை எண்ணில் சமமாகப் பிரிக்க வேண்டும். முன்பக்கத்தில் ஒன்று விட்டு ஒன்று, பின்பக்கத்தில் விட்டுப்போனவை என்று உளியால் சரித்துச் சரித்து எடுத்து, ஒவ்வொன்றையும் உருளை போலத் திரட்ட வேண்டும். பிறகு பலகையை நிறுத்தி, மேல் முனையிலிருந்தும் கீழ் முனையிலிருந்தும் கனத்தைச் சரிபாதியாக ரம்பத்தால் அறுத்துக்கொண்டு கீல் வரைக்கும் வந்து நிறுத்த வேண்டும். ஒரு நூல் தாண்டினால் கீல் போச்சு. ஒரு நூல் முன்னால் நின்றால் பலகை திறக்காது. பலம் கொடுத்துத் திறந்தால் கீலும் சேர்ந்து திறக்கும். எல்லாம் சரியாக வந்தால் அதே பலகை நடுவில் திருகி, குறுக்குமறுக்காக விரிந்து நிற்கும். ஓடாத மெஷினையும் ஓடுகிற மெஷினையும் மாடி முழுக்க அடுக்கி வைத்திருந்தாலும் இந்த வேலையில் அவற்றுக்குப் பங்கு மிகக் குறைவு. இதற்கு வேண்டியது ஒரு நல்ல கை ரம்பம், கால் இஞ்சிலும் முக்கால் இஞ்சிலும் இரண்டு உளி, கொட்டாப்புளி, ஒரு இழைப்புளி, மூலைமட்டம். அப்புறம் ஒரு சாணைக்கல்.

சாணைக்கல்லை யாரும் ஹாங்காங்கிலிருந்து கொண்டுவருவதில்லை. அதில் பேட்டரி இல்லை, விளக்கு எரியாது, மச்சானிடம் காட்டிப் பெருமைப்பட முடியாது. ஆனால் கடையில் வாங்கிய உளி கூராக வராது, உளி வடிவத்தில் வரும், அவ்வளவுதான். முதலில் அதன் முதுகைக் கல்லில் தேய்த்துச் சமமாக்க வேண்டும். முகம் தெரியும் வரை தேய்க்க வேண்டும். பிறகு சரிவை 25 பாகையில் பிடித்து ஆயிரம் எண் கல், அதன் மேல் நாலாயிரமோ ஆறாயிரமோ. நுனியில் மட்டும் 30 பாகையில் இரண்டு மூன்று இழுப்பு. முன்கை மயிரை வழித்துப் பார்த்து வழிந்தால் மரத்தில் வைக்கலாம். மொட்டை உளியில்தான் கை வெட்டுப்படும். கூரான உளி சொன்ன இடத்தில் நிற்கும், மொட்டை உளியைப் பலத்தோடு தள்ளுவதால் அது வழுக்கி இடது கையைத் தேடிப் போகும். இழைப்புளியும் அப்படியே. இழை ஓடும் திசையைப் பார்த்து, மெல்லியதாக இறக்கி, கூராக வைத்துத் தள்ளினால் சுருள் கிழியாமல் வரும். எதிர்த்திசையில் தள்ளினால் மரம் பெயர்ந்து வரும். பெயர்ந்த இடத்தை மறைக்கத்தான் சாண்டர் வாங்குகிறார்கள்.

தீட்டியதைக் காப்பது அடுத்த பாடு. ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் ஆறுமுகநேரி உப்பளம். நம் ஊர்க் காற்றில் சமையலுக்குப் போதுமான உப்பு இருக்கிறது. ராத்திரி மேஜையில் விட்ட உளி ஃபஜ்ருக்குள் செம்பட்டை பிடித்துவிடும். வேலை முடிந்ததும் துடைத்து, தையல் மெஷின் எண்ணெயோ தேங்காய் எண்ணெயோ ஒரு துணியில் நனைத்துத் தடவி, உறையில் போட்டு மூடி வையுங்கள். இதற்கு இரண்டு நிமிஷம் ஆகும். இந்த இரண்டு நிமிஷத்தைச் சேமிப்பதற்காகத்தான் நம்மவர்கள் புது உளி வாங்குகிறார்கள்.

ஆகவே வாங்கும் வரிசை இதுதான்: முதலில் கல், பிறகு உளி, பிறகு ரம்பம், இழைப்புளி, கடைசியாக ட்ரில். இவற்றால் இரண்டு ரைஹாலைக் கெடுத்து மூன்றாவதை மாமி கையில் கொடுத்த பிறகும் டேபிள் ரம்பம் வேண்டும் என்று தோன்றினால் வாங்கிக்கொள்ளுங்கள். அப்போது அதை எங்கே வைப்பது என்று உங்களுக்கே தெரிந்திருக்கும், அனுமதியும் சுலபமாகக் கிடைக்கும். அதுவரை, சாத்தாத கதவுக்கு ஆசாரியைக் கூப்பிடுங்கள். மழைக்காலத்தில் கூப்பிட்டால் "ஒரு மாசம் போகட்டும் காக்கா, தானாச் சரியாயிடும்" என்பார், நம்புங்கள். வந்து வேலை செய்யும்போது பக்கத்தில் நின்று யூடியூபில் பார்த்ததைச் சொல்லாமல், அவர் இழைப்புளியை எந்தக் கையால் அழுத்துகிறார், பலகையின் முனைக்கு வரும்போது எந்தக் கையைத் தளர்த்துகிறார் என்று மட்டும் பாருங்கள். கூலியைக் குறைக்காதீர்கள். டீ கொடுங்கள். அவருடைய உளியை மட்டும் இரவல் கேட்காதீர்கள், தரமாட்டார்.